பொதுச்சுவருக்கு இந்தப் பக்கம்

ஓர் ஊரில் ஒரு பல்கலைக்கழகமும் ஒரு பம்ப் பட்டறையும் அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள். நடுவில் ஒரே சுவர். கனத்தில் பாதி அவளுக்கு, பாதி இவளுக்கு. கட்டின நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பட்டறை தகரக் கூரைக்காரி. தோட்டத்துக் கிணறுகளுக்கு மோட்டார் பம்பு செய்வாள். அந்தக் கோடையில் அவள் அனுப்பிய பம்புகள் கருகிக் கருகித் திரும்பி வந்தன. மத்தியானம் கரண்ட் தொய்ந்துபோகிற தோட்டங்களில்தான் கருகுகின்றன என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். உள்ளே சுற்றுகிற செப்புக் கம்பியை எப்படி மாற்றினால் தாங்கும் என்று கணக்குப் போடத்தான் ஆள் இல்லை.

பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு ஒரே குஷி. "இன்னொரு கோடை இப்படிப் போனா நீ ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான். எனக்குக் கார் நிறுத்த இடமாச்சு" என்று பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான்.

"உன்ற வாயில ரசத்தை ஊத்த" என்றாள் பட்டறை. சுவருக்கு அந்தப் பக்கம் படித்து முடிக்கிற பிள்ளைகளில், கணக்குத் தெரிந்த ஒரு டிகிரி வேண்டும். அதுவும் நிலைத்து நிற்கிற டிகிரி.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. போன வருஷம் என்ன செய்தாள்? வருஷம் முழுக்கச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துவிட்டு, பெரிய கம்பெனிகள் எல்லாம் ஆள் எடுத்து அள்ளிக்கொண்டு போன பிறகு கடைசி நாளில் அங்கே போய், மிச்சம் நின்ற ஒரு டிகிரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வந்தவனுக்கு உட்கார ஒரு ஸ்டூல் உண்டா? வேலை இன்னதென்று சொன்னது உண்டா? "எல்லாம் பார்த்துக் கத்துக்கோ" என்றாள். அவன் பார்த்தான், போய்விட்டான். "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்" என்று ஊரெல்லாம் புலம்பினாள். மாப்பிள்ளைக்குச் சோறு போடாமல் மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று அழுகிற மாமியார் மாதிரி.

இந்தத் தடவை சீக்கிரமே கிளம்பினாள். கருகின பம்பு ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

பல்கலைக்கழகத்தின் கேட் அவளை மேலும் கீழும் பார்த்தது. "எந்தக் கம்பெனி?"

"பின்னாடி சந்துங்க."

"சந்துக்கெல்லாம் கடைசி நாள்தான்."

"ஆளைக் கூட்டிட்டுப் போக வரலீங்க. பேசத்தான் வந்தனுங்க."

பேச வருகிறவர்களுக்குக் கேட்டிடம் சட்டம் எதுவும் இல்லை. முனகிக்கொண்டே ஒருக்களித்துத் திறந்தது.

உள்ளே வேலைவாய்ப்பு அலுவலகம். அவளுக்குப் பேரே மேடம். ஏசி போட்டுக்கொண்டு, ரூம் ஸ்ப்ரே மணக்க இருந்தாள். ஓரத்தில் வெள்ளை சோபா ஒன்று. பட்டறை உட்காரப் போனாள்.

"ஐயோ, கிரீஸ்!" என்று வீறிட்டது சோபா. "என்மேல பெரிய கம்பெனிக் கண்ணாடிக் கட்டடங்கள் மட்டும்தான் உட்காருவாங்க."

மேடம் தலை நிமிராமல் கேட்டாள்: "எங்ககிட்ட ட்ரீம் கம்பெனி, சூப்பர் ட்ரீம் கம்பெனின்னு வரிசை இருக்கு. நீங்க எந்தக் கனவு?"

"நான் கனவு இல்லீங்க மேடம். உங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் நிஜமாவே இருக்கறவ."

"அப்போ கடைசி நாள் வாங்க."

"அதுதானுங்க வேண்டாங்கறேன். மூணாம் வருசத்துப் பிள்ளைகளை இப்பவே என்ற வீட்டுக்கு அனுப்புங்க. என்னோட கஷ்டம் ஒண்ணை அவங்க ப்ராஜெக்ட்டா எடுக்கட்டும். நான் அவங்களைப் பார்த்துக்கறேன், அவங்க என்னைப் பார்த்துக்கட்டும். படிச்சு முடிச்சதும் புடிச்சிருந்தா இருக்கட்டும்."

மேடம் சிரித்தாள். "ப்ராஜெக்ட்டா? அதெல்லாம் எப்பவோ ரெடி. அங்கே பாருங்க."

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தெர்மாகோல் பம்பு கொலு வீற்றிருந்தது. நீல பெயிண்ட், சீரியல் விளக்கு, கழுத்தில் பரிசு ரிப்பன். டவுனில் இதற்கென்றே கடை இருக்கிறது. காசு கொடுத்தால் பம்பும் கிடைக்கும், பம்பைப் பற்றிய ரிப்போர்ட்டும் பைண்டு செய்து கிடைக்கும். வருஷா வருஷம் பேரை மட்டும் மாற்றி ஒட்டிக்கொண்டு இது மேடையேறும்.

"ஹலோ" என்றது தெர்மாகோல் பம்பு. "நான் வருஷா வருஷம் முதல் பரிசு."

பட்டறை பையிலிருந்து கருகின பம்பை எடுத்து அதற்கு எதிரே வைத்தாள். தெர்மாகோல் மூக்கைச் சுளித்தது. "சீ, என்ன நாத்தம்! இதுவும் பம்பா?"

"தண்ணி எப்படி இருக்கும்னு தெரியுமாடா உனக்கு?" என்றது கருகினது.

"தண்ணியா? பட்டா என் பெயிண்ட் போயிடும்!"

பட்டறைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கருகின பம்பைத் தூக்கி நங்கென்று வெள்ளை சோபாவின் நடுவில் வைத்தாள். சோபா அலறிய அலறலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் தண்ணியில்லாம வெள்ளாமை கருகுது. இந்தப் பக்கம் தெர்மாகோலுக்கு மாலை போட்டுட்டு இருக்கீங்க! பெத்தவங்க நகையை வெச்சுப் படிக்க அனுப்பறது இந்தப் பொம்மைக்கு ரிப்பன் கட்டவா? கண்ணாடிக் கட்டடம் வந்து மொத்தமா அள்ளிட்டுப் போறான். அள்ளினதுல பாதியைக் கூப்பிடறேன் கூப்பிடறேன்னு வீட்டுல காக்க வெச்சிருக்கான். அந்தப் பிள்ளைக முகத்தையும் ப்ளெக்ஸ்ல போட்டு கேட்டுல தொங்க விட்டிருக்கீங்களே, வெக்கமா இல்லீங்களா மேடம்?"

மேடத்துக்கு வெட்கம் வரவில்லை. செக்யூரிட்டி வந்தான்.

கேட்டுக்கு வெளியே தள்ளப்பட்டு நின்றவளின் பின்னால் ஒரு குரல். "அக்கா, பம்பை விட்டுட்டுப் போறீங்க."

மூன்றாம் வருஷத்து டிகிரி ஒருத்தி. இன்னும் முத்திரை விழாதவள், மை காயாதவள். பம்பை இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு, அதனிடமே கேட்டாள்: "நீ ஏன் கருகினே?"

கருகின பம்பு கரகரத்தது. "பார்த்தவங்கெல்லாம் என்னைத் திட்டினாங்க. நீதான் கண்ணு கேட்டே."

அவள் வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வர ஊரைச் சுற்றி இரண்டு பஸ். ஆனாலும் வந்தாள். இந்தத் தடவை பட்டறை ஸ்டூல் போட்டாள், டீ கொடுத்தாள், எந்தத் தோட்டத்தில் எந்த நேரம் கரண்ட் தொய்கிறது என்று உட்கார்ந்து சொன்னாள். டிகிரி கணக்குப் போட்டாள். முதல் கணக்கில் இன்னொரு பம்பு கருகியது. அழுதாள். "அழாதே அம்மிணி, நான் கருக்கினதை எண்ணினா நீ சிரிப்பே" என்றாள் பட்டறை. கம்பியைத் தடிப்பாக்கி, சுற்றைக் குறைத்து, மறுபடி செய்தார்கள். அது அடுத்த கோடை முழுக்க ஓடியது. அவள் பின்னாலேயே அவள் வகுப்புப் பிள்ளைகளும் பட்டறைக்கு வர ஆரம்பித்தார்கள். கல்யாண மண்டபம் பல் குத்துவதை நிறுத்திவிட்டான்.

உடனே கேட்டில் புது ப்ளெக்ஸ் ஏறியது: எங்கள் மாணவியின் சாதனை. ஓடாத நாளில் வெளியே தள்ளின பம்புக்கு ஓடின நாளில் சொந்தம் கொண்டாடினார்கள். பட்டறைக்கு அழைப்பு போனது. சோபாமேல் பிளாஸ்டிக் உறை போட்டு அவளை உட்கார வைத்தார்கள்.

"அடுத்த வருஷத்திலேருந்து நீங்களும் எங்க சூப்பர் ட்ரீம்" என்றாள் மேடம்.

"அந்தக் கனவு எனக்கு வேண்டாங்க. பிள்ளைக ரெண்டு பஸ் மாறி வருதுக. சுவத்துல ஒரு கதவு வெச்சுக் குடுங்க, போதும்."

மேடம் பதறிவிட்டாள். "சந்துப் பக்கம் கதவா? கண்ணாடிக் கட்டடங்கள் பார்த்தா எங்க மரியாதை என்ன ஆகறது?"

பட்டறை பிளாஸ்டிக் உறையை உருவிப் போட்டுவிட்டு, வெள்ளை சோபாவில் ஒரு தடவை நன்றாக உட்கார்ந்து எழுந்து, வீட்டுக்கு வந்தாள். நேராகச் சுவரிடம் போனாள். "உன்னை இடிக்கப் போறேன்."

"முதல்ல என்மேல நீ சாத்தி வெச்சிருக்கற பழைய இரும்பை எடு" என்றது சுவர். "இத்தனை வருஷமா என் முகத்தைக்கூட நீ பார்த்ததில்லை. அப்புறம் இடி. ஆனா உன் பாதியை மட்டும்தான் இடிக்க உனக்கு உரிமை, தெரியுமில்ல?"

"தெரியும்."

இரும்பையெல்லாம் இழுத்துப் போட்டாள். கடப்பாரையை எடுத்தாள். மேடத்தின் மேல் இருந்த கோபம், தன் மேல் இருந்த கோபம் எல்லாம் சேர்த்து இடித்தாள். தன் பாதிக்கனம் உதிர்ந்ததும், உரிமை முடிந்த இடத்தில், மூச்சு வாங்க நின்றாள்.

இடிக்கிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"யாரது?" என்று கத்தினாள்.

"நாங்கதான் அக்கா" என்றன சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏகப்பட்ட பிள்ளைகளின் குரல்கள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."