சடையனின் ஒன்பது முடி

குளக்கரை மருத மரத்தில் முப்பத்தேழு குரங்குகள் வாழ்ந்தன. அவற்றில் முப்பத்தைந்துக்குத் தலை நிறைய முடி. இரண்டு கடுவன்களுக்கு, அதாவது ஆண் குரங்குகளுக்கு மட்டும் வழுக்கை. ஒன்றின் பெயர் சடையன். மற்றொன்றின் பெயர் கூழையன்.

சடையன் பிறந்தபோது அதன் தலையில் முடி கற்றை கற்றையாக இருந்ததாம். அதனால் அந்தப் பெயர். கூழையனுக்குப் பாதி வால்தான். அதனால் அந்தப் பெயர். இரண்டும் ஒரே மழைக்காலத்தில் பிறந்தவை.

தினமும் காலையில் சடையன் குளத்தில் குனிந்து தன் தலையில் உள்ள முடியை எண்ணும். ஒன்பது இருந்தது. பிறகு கூழையன் தண்ணீர் குடிக்க வரும்வரை காத்திருக்கும். ஓரக்கண்ணால் அதன் முடியையும் எண்ணும். ஏழு.

"எனக்கு இரண்டு அதிகம்!" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் அதற்குத் தொண்டையில் பழம் இறங்கும்.

அந்த மரத்தின் நடுக்கிளை தீர்ப்புச் சொல்லும் இடம். யார் பழத்தை யார் பறித்தது, யார் குட்டியை யார் கிள்ளியது என்று நாளுக்குப் பத்து வழக்காவது வரும். அங்கே உட்கார்ந்திருந்த கிழக் கடுவன் போன மழையில் இறந்துவிட்டது. கிளை காலியாகக் கிடந்தது. அந்தக் கிளையில் உட்கார வேண்டும் என்பது சடையனின் வெகுநாள் ஆசை.

கூட்டத்துக்கு மூத்தது மூக்காயி என்ற மந்தி, ஒரு பெண் குரங்கு. நாவல் பழுக்கும் முதல் நாளில் அது எல்லாரையும் கீழே இறக்கி நிற்கவைக்கும். முகத்தைப் பார்க்காது, தலையைத்தான் பார்க்கும். கறுத்த தலைக் கடுவன்கள் ஒரு வரிசை. அவை எல்லைக்குப் போய், நாவல் மரத்துக்குச் சண்டைக்கு வரும் பாறைக் குரங்குகளை விரட்ட வேண்டும். நரைத்த தலைக் கடுவன்கள் இன்னொரு வரிசை. அந்த வரிசையில் ஒன்றுதான் நடுக்கிளையில் உட்காரும். தலைமுறை தலைமுறையாக அதுதான் வழக்கம்.

வழுக்கைக்கு எந்த வரிசையிலும் இடமில்லை. ஒருமுறை சடையன் ஆசையாக ஒரு வழக்கைத் தீர்க்கப் போனது. "இதோ பாருங்க பிள்ளைகளா..." என்று வாயைத் திறந்ததும், "பெரியப்பா, உங்க தலையில என் மூஞ்சி தெரியுது!" என்றது ஒரு குட்டி. எல்லாக் குட்டிகளும் உருண்டு உருண்டு சிரித்தன. தீர்ப்பை ஒருவரும் கேட்கவில்லை.

கூட்டத்தில் வயதான கடுவன்கள் இப்போது இரண்டுதான். இரண்டுக்கும் முடியில்லை. "எனக்குக் கிடைக்காவிட்டால் போகட்டும். கூழையனுக்கும் கிடைக்காது!" என்று சடையன் ஆறுதல் சொல்லிக்கொண்டது.

நாவல் பழுக்கப் பதினெட்டு நாள் இருந்தபோது அந்த ஆறுதலும் போயிற்று.

அன்று காலை கூழையன் குளத்துக்கு வந்தது. அதன் தலையில் முடி இருந்தது! நிறைய இல்லை. நெற்றியில் லேசாக, உச்சியில் கொஞ்சம் அடர்த்தியாக, காதோரம் நரைத்து, வயதுக்கு ஏற்றபடி இருந்தது.

"என்ன மாமா, நல்லாத் தூங்கினீங்களா? முகம் தெளிவா இருக்கே!" என்றது ஓர் இளம் மந்தி.

"உடம்பு தேறிட்டீங்க பெரியப்பா!" என்றது ஒரு குட்டி.

யாரும் சிரிக்கவில்லை. சடையனுக்குக் கையில் இருந்த அத்திப்பழம் கசந்தது. அது கூழையனின் தலையை எண்ணப் பார்த்தது. நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை.

"என்ன மச்சான், அப்படிப் பார்க்கிற?" என்றது கூழையன் சிரித்துக்கொண்டு.

"உன்னை எவன் பார்த்தான்? தண்ணியைப் பார்த்தேன்!" என்றது சடையன்.

கேட்டிருந்தால் கூழையன் சொல்லியிருக்கும். கேட்கச் சடையனுக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் மறைந்து மறைந்து கூழையனின் பின்னால் அலைந்தது. கூழையன் ஈச்சமரத்தடியில் உட்கார்ந்து, மேலே தொங்கும் கூடுகளுக்குக் காக்கை வராமல் விரட்டிக்கொண்டிருந்தது. கூட்டில் இருந்தது ஒரு தூக்கணாங்குருவி. பின்னல் வேலையில் அதை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஓ! முடி பின்னிக் கொடுத்ததற்கு இதுதான் கூலியா? இங்கேதான் செய்துகொண்டாயா?" என்று சடையன் பல்லைக் கடித்தது.

கூழையன் போனதும் அது மரத்தடிக்கு வந்தது. "குருவி! எனக்கும் முடி வேண்டும்!"

தூக்கணாங்குருவி கூச்சப்படும். யார் முகத்தையும் நேராகப் பார்க்காது. அது இறங்கி வந்து சடையனின் தலையை மட்டும் பார்த்தது. ஒரு புல்லை எடுத்துக் காதுக்குக் காது அளந்தது. பிறகு நெற்றிச் சுருக்கத்தை எண்ணியது.

"ஒன்பது சுருக்கம். நூறு முடிக்கு முப்பத்தாறு நரை வைக்கணும் ஐயா" என்றது மெல்ல.

"நரையா? நான் முடி கேட்டேன், நரை கேட்கவில்லை!"

"முகத்துக்கு ஒரு வயசு, தலைக்கு ஒரு வயசுன்னு இருந்தா, பார்க்கிறவங்க கண்ணு அங்கேயே நின்னுடும். நார்ல வலை பின்னி அதுல முடியைக் கட்டுவேன். நெற்றி ஓரத்துல ஒரு கண்ணிக்கு ஒரு முடிதான். உச்சியில ரெண்டு. சுழியில கொஞ்சம் காலியா விடணும். நரை கும்பலா வரக் கூடாது, சிதறி வரணும்."

"கூழையனுக்கு எத்தனை முடி வைத்தாய்?"

"ஒருத்தர் தலைக் கணக்கை இன்னொருத்தருக்குச் சொல்ல மாட்டேன்."

"அப்படியானால் அவனைவிட இரண்டு அதிகம் வை!"

குருவி தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கியது.

கற்றாழை நாரை மெல்லியதாகக் கிழித்து முதலில் ஒரு வலை பின்னியது. குரங்குகள் பேன் பார்க்கும் இடத்தில் உதிர்ந்து கிடந்த முடியைப் பொறுக்கியது. முட்செடியில் சிக்கியிருந்த வெள்ளாட்டின் வெள்ளை முடியை நரைக்கு எடுத்தது. மொத்தம் ஐந்நூறு முடி. நூற்றெண்பது நரை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடிந்தது. சரியில்லை என்று எழுபது முடியை அவிழ்த்து மறுபடி முடிந்தது. சடையனின் சொந்த முடி ஒன்பதையும் வலைக்கு வெளியே எடுத்துவிட்டு, புது முடியோடு கலந்து வாரியது.

"பிசின் போட்டு ஒட்டவேண்டாமா?" என்று கேட்டது சடையன்.

"வேண்டாம் ஐயா. தலைக்குக் காற்று வேணும். காதுக்குப் பின்னால ரெண்டு முடிச்சு, அது போதும்."

ஏழாம் நாள் சடையன் குளத்தில் குனிந்து பார்த்தது. தண்ணீருக்குள் ஒரு பெரிய மனுஷத் தோரணை! நடுக்கிளையில் உட்கார்ந்தால் நாலு பேர் கேட்பார்கள் என்று தோன்றும் முகம். சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கூழையன் பக்கத்தில் தண்ணீர் குடிக்க வந்தது. தண்ணீரில் இரண்டு தலையும் சேர்ந்து தெரிந்தன.

"அட, நல்லா இருக்கு மச்சான்! உனக்குன்னே முளைச்ச மாதிரி இருக்கு!" என்றது கூழையன்.

சடையனின் காதில் அது விழவில்லை. அது எண்ணிக்கொண்டிருந்தது. கூழையனின் காதோரத்தில் நரை குறைவு. தன் காதோரத்தில் நரை அதிகம்! கூழையனின் நெற்றியில் சுருக்கம் ஆறுதான் என்பது அதற்குத் தோன்றவில்லை.

"ஒரே மழையில் பிறந்தவர்கள். அவன் இளையவனாகத் தெரிகிறான், நான் மூத்தவனாகத் தெரிகிறேன். குருவி என்னை ஏமாற்றிவிட்டது!" என்று பொருமியது. நரைத்த தலைக்குத்தான் நடுக்கிளை என்பதே அதற்கு மறந்துபோயிற்று.

அன்றே ஒரு புதருக்குள் நுழைந்தது. வெள்ளை முடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கியது. நூற்றெண்பதையும் பிடுங்க மூன்று நாள் ஆயிற்று. இப்போது தலையில் அங்கங்கே ஓட்டை தெரிந்தது.

"இதை அடைத்தால் போதும். கூழையன் என் பக்கத்தில் நிற்கவே கூசுவான்!"

தேன் எடுக்கக் கரடி ஏறும் மரம் ஒன்று உண்டு. அதன் பட்டையில் கரடி முடி கொத்துக் கொத்தாகச் சிக்கியிருக்கும். நல்ல கறுப்பு. சடையன் அதைக் கை நிறைய அள்ளியது. வேல மரத்துப் பிசினைத் தலை முழுக்கப் பூசியது. நெற்றியிலிருந்து பிடரிவரை கரடி முடியை அப்பியது. சுழியில் குருவி விட்டிருந்த காலி இடத்தையும் விட்டுவைக்கவில்லை.

தூக்கணாங்குருவி அதைப் பார்த்துவிட்டது. பதறிப் பறந்து வந்தது. "ஐயா, ஐயா! என்ன செஞ்சீங்க? பிசின் இறுகறதுக்குள்ள கொடுங்க. நரை இன்னும் கைவசம் இருக்கு. நாலு நாள்ல சரிபண்ணிடுவேன்!"

"போ, போ! நீ கூழையனின் ஆள். எனக்குத் தெரியாதா?"

நாவல் பழுத்தது. மூக்காயி எல்லாரையும் மரத்தடிக்கு அழைத்தது.

சடையன் எல்லாருக்கும் கடைசியாக வந்தது. தலை கன்னங்கரேலென்று உப்பிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே ஒன்பது சுருக்கத்துடன் ஒரு கிழ முகம்.

"யாரப்பா இந்தப் புது இளவட்டம்?" என்றது ஒரு கடுவன்.

"கரடிக்கும் நமக்கும் எப்போ சம்பந்தம் ஆச்சு?" என்றது ஒரு மந்தி.

சடையன் யாரையும் கவனிக்கவில்லை. கூழையனின் முகம் வாடுகிறதா என்று மட்டும் பார்த்தது. வாடவில்லை. கூழையன் கவலையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தது. சடையன் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தியது.

மூக்காயி வரிசையாகத் தலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தது. கூழையனிடம் நின்றது. "நரைத்த தலை. அந்தப் பக்கம்." அடுத்துச் சடையனிடம் வந்தது. "கறுத்த தலை. எல்லைக்கு!"

சடையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத்தை! எல்லைக்கா? நானா? நான் கிழவன்! என் முழங்கால் வலிக்கு நீங்கதானே பச்சிலை கொடுத்தீங்க!"

"கிழவனா? தலை அப்படிச் சொல்லலையே!"

"இது பொய் முடி அத்தை! கரடி முடி! கூழையன் தலையில இருக்கிறதும் பொய் முடிதான்! இப்பவே அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். கூழையனும் சிரித்தது.

"அதைத்தான் அவன் முதல் நாளே ஊருக்கெல்லாம் சொல்லிட்டானே!" என்றது மூக்காயி. "குருவி செஞ்சதுன்னு குட்டிக்குக்கூடத் தெரியும். அவன் வயசுக்காரனாத்தான் தெரியணும்னு வச்சுக்கிட்டான். வயசுக்காரனா வச்சுக்கிட்டோம். நீ இளவட்டமாத் தெரியணும்னு வச்சுக்கிட்ட. இளவட்டமா வச்சுக்கிறோம். தலை கேட்ட இடத்தைத்தானே தலைக்குக் கொடுக்க முடியும்? நட!"

சடையன் எல்லைக்கு நடந்தது. பாறைக் குரங்கு ஒன்று எதிரே வந்தது. அது பெரிய சண்டையெல்லாம் போடவில்லை. கறுத்து உப்பிய அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தது.

பிசின் இறுகியிருந்தது. கரடி முடி வந்தது. நார் வலை வந்தது. குருவி முடிந்த முடி வந்தது. அவற்றோடு சடையனின் சொந்த முடி ஒன்பதும் வேரோடு வந்தன.

"ஐயோ!" என்று அலறிக்கொண்டு சடையன் குளக்கரைக்கு ஓடிவந்தது. தண்ணீரில் குனிந்து எண்ணியது. எண்ண ஒன்றும் இல்லை.

நடுக்கிளையில் கூழையன் உட்கார்ந்திருந்தது. இரண்டு குட்டிகள் ஒரு பழத்துக்காக அதன் முன்னால் வழக்காடிக்கொண்டிருந்தன. கூழையன் தலையைச் சாய்த்துக் கேட்டது. காற்றில் அந்த நரை முடி லேசாக அசைந்தது. குட்டிகள் சிரிக்காமல் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டன.

அந்த முடியோடு கலந்து கூழையனின் சொந்த முடி ஏழும் பத்திரமாக இருந்தன. சடையனுக்கு அந்தக் கணக்குத் தானாகவே மனதில் ஓடியது. இனி ஏழு முடி அவனுக்கு அதிகம்!

ஒரு வாரம் சடையன் மரத்திலிருந்து இறங்கவில்லை. புண் ஆறிய பிறகு ஈச்சமரத்தடிக்குப் போய்த் தலையைக் குனிந்து நின்றது. தூக்கணாங்குருவி ஒரு புல்லை எடுத்துக் காதுக்குக் காது அளந்தது. நெற்றிச் சுருக்கத்தை எண்ணியது.

"இப்போ பத்து ஆயிடுச்சு ஐயா. நூற்றுக்கு நாற்பது நரை" என்றது.

"சரி" என்றது சடையன். இந்த முறை அது கூழையனின் கணக்கைக் கேட்கவில்லை. ஆனால் நடுக்கிளை போனது போனதுதான்.

அடுத்தவர் தலையையே எண்ணிக்கொண்டிருப்பவர், தமக்குப் பொருந்தியதையும் தாமே பிடுங்கி எறிந்துவிட்டு, தம்மிடம் இருந்ததையும் இழந்து நிற்பார்.