முனை தெரியாத வளையம்

ஆற்றின் இக்கரையில் இருக்கும் பள்ளத்தூர்க்காரர்களைப் பற்றி யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. உள்ளதைச் சொன்னாலே போதும்.

அந்த ஊர்க் குழந்தைவேலுவுக்கு அக்கரையில் கல்யாணம். முகூர்த்த நேரம் தப்பினால் பெண்ணை அவள் அத்தை மகனுக்கே கொடுத்துவிடுவேன் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். பாவம், குழந்தைவேலுவுக்கு அந்தப் பெண் மேல் உயிர்.

காலையில் மாலையும் கழுத்துமாக வந்து நின்றால், ஓடத்தின் விளிம்பில் நிற்கும் முளையோடு துடுப்பைச் சேர்த்துப் பிடிக்கும் கயிற்று வளையம் அறுந்து கிடந்தது. அவனுடைய தோழர்கள் சடையாண்டியும் வீரபெருமாளும் காய்ச்சலில் படுத்திருந்த ஓடக்காரரிடம் ஓடினார்கள்.

அவர் போர்வைக்குள் இருந்தபடியே சொன்னார்: "புதுக் கயிறு இருக்கு, எடுத்து வளையமா முறுக்குங்க. முனை மட்டும் வெளியே தெரியக் கூடாது, கையைக் கிழிச்சிரும். வளையம் சரியா அமைஞ்சா துடுப்பை அதுவே பிடிச்சுக்கும்."

கயிற்றை எடுத்துப் பார்த்தார்கள். முனை தெரிந்தது. சடையாண்டி அரிவாளால் அதை வெட்டினான். உடனே இன்னொரு முனை தெரிந்தது. அதையும் வெட்டினான்.

"உள்ளுக்குள்ள எத்தனை முனை ஒளிச்சு வச்சிருக்கோ" என்று வீரபெருமாள் கவலைப்பட்டான்.

"எத்தனை இருந்தா என்னலே? வெட்ட வெட்டத் தீராமலா போகும்?"

வெட்டிய துண்டுகளும் கண்ணில் படக் கூடாதென்று ஆற்றில் வீசினார்கள். குழந்தைவேலு வெயிலைப் பார்ப்பதும் கயிற்றைப் பார்ப்பதுமாகத் தவித்தான். கடைசித் துண்டும் போன பிறகு மூவரும் முளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு முனைகூடத் தெரியவில்லை.

"வளையமே தெரியலையே, அவ்வளவு நேர்த்தி" என்று சடையாண்டி தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டான்.

ஓடத்தில் ஏறினார்கள். வளையம்தான் பிடித்துக்கொள்ளுமே என்று சடையாண்டி துடுப்பை முளையில் சாய்த்துவிட்டுக் கையை எடுத்தான். அது நழுவித் தண்ணீரில் விழுந்து, நீரோட்டத்தோடு அக்கரைப் பக்கம் மிதந்து போனது.

"நமக்கு முந்திப் போகுதே" என்று குழந்தைவேலு பதறினான்.

"போகட்டும்லே. யாராவது ஒருத்தர் நேரத்துக்குப் போய்ச் சேரணும்ல" என்றான் வீரபெருமாள்.

அது நியாயமாகத்தான் பட்டது. கல்யாண வீட்டுக்கு வெறுமனே போகக் கூடாதே என்று குழந்தைவேலு தன் மாலையைக் கழற்றித் துடுப்பின் மேல் வீசினான்.

அக்கரைக்காரர்களும் சம்பந்தத்துக்கு ஏற்றவர்கள்தான். மாலையோடு வந்து ஒதுங்கிய துடுப்புக்கு ஆரத்தி எடுத்தார்கள். "ஆளு மெலிவுதான். ஆனா பொண்ணுக்காக நீந்தியே வந்துட்டாரே" என்று பூரித்த பெண்ணின் அப்பா, அதைத் தூக்கி மணையில் வைத்தார்.

கெட்டிமேளம் இக்கரை வரைக்கும் கேட்டது. குழந்தைவேலு கண் கலங்கிப் போய்த் தோழர்கள் இருவரையும் கட்டிக்கொண்டான்.

"நல்லவேளை, முகூர்த்தம் தப்பலை."