ரோமாபுரிச் சரித்திரமும் காய் வெட்டும் கத்தியும்

பாதிரியாராகப் படிக்கிறவர்கள் தங்கும் கடலோரக் குருமடம் ஒன்றில் மத்தியானம் லத்தீன் வகுப்பு நடந்தால் தென்னைமரங்கள்கூடக் கண் சொக்கி நிற்கும். மாணவர்கள் முணுமுணுக்கும் சொற்கள் அலையோடு போய், மீன் வாசனையோடு திரும்பி வருமாம். அந்தச் சொற்களில் மயங்கித்தான் சமையல்காரர் சந்தியாகு ஒருநாள் கஞ்சியைத் தீயவிட்டார்.

லத்தீன் வாத்தியாரான ஞானாதிக்கம் சாமியார் குதித்தார். "உனக்கெதுக்குய்யா லத்தீன்? இந்த ரோமாபுரிச் சரித்திரத்தை மூணு தடவை கரைச்சுக் குடிச்சவன் நான்! ஞாயித்துக்கிழமைக்குள்ளே இதிலே இருக்கிற சொல்லுக்கெல்லாம் அர்த்தம் சொல்லு. இல்லேன்னா மூட்டையைக் கட்டு!" என்று தன் தடி லத்தீன் புத்தகத்தை நீட்டினார்.

மாணவர்களுக்குப் பொரித்த மீனைக் கொடுத்து, சந்தியாகு சொல் சொல்லாகச் சேர்த்தார்.

ஞாயிறன்று எல்லார் முன்னாலும் பரீட்சை.

"பெல்லும்?"

"போர், சாமி."

"மிலெஸ்?"

"படைவீரன்."

பதினாறு பக்கம் தண்ணீராய் ஓடியது.

"பதினேழாம் பக்கம்?"

சந்தியாகு மடியிலிருந்து காய் வெட்டும் கத்தியை எடுத்தார். சாமியார் பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க சாமி. அச்சுக்கூடத்திலே தாளை மடிச்சுத் தைச்சு அனுப்பிடுறாங்க, படிக்கிறவங்கதான் ஓரத்தை வெட்டிப் பிரிக்கணுமாமே. பதினேழுலேர்ந்து ஒரு தாளும் வெட்டலை. வெட்டாமலே மூணு தடவை படிக்கிற கண் சாமிக்கு இருக்கு. எனக்குக் கத்தி வேணும்."

மாணவர்கள் சிரித்த சிரிப்பில் தென்னைமரங்கள் விழித்துக்கொண்டன. அன்றுமுதல் சந்தியாகுவுக்கு வகுப்பில் முதல் பெஞ்சு. கஞ்சி வாரம் இரண்டு நாள் தீய்ந்தது. சாமியார் வாய் திறக்காமல் குடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.