புலிக்கு வைத்த புளி மொச்சை

மலையடிவாரக் காட்டில் ஒரு சிறுத்தை இருந்தது. அதற்கு ஆலோசனை சொல்ல ஒரு நரியும் இருந்தது. கேட்டாலும் சொல்லும், கேட்காவிட்டாலும் சொல்லும்.

சிறுத்தைக்கு வெகு நாளாக ஓர் ஆசை. மேற்குச் சரிவில் மான்கள் அதிகம். ஆனால் அது புலியின் எல்லை. புலியை ஒருநாள் அழைத்து வயிறு குளிர விருந்து வைத்தால், அந்தச் சரிவில் வேட்டையாட இடம் கொடுக்கும் என்று சிறுத்தை கணக்குப் போட்டது. மான் கறி போட்டுப் புலியை அசத்த முடியாது. அது தினமும் தின்பதுதான். புதிதாக ஏதாவது யோசி என்று நரியிடம் சொல்லிவிட்டது.

நரிக்கு நல்ல நேரம். அந்தச் சமயம் பார்த்துக் காட்டு பங்களாவுக்கு வேனில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. புல்வெளியில் கரி அடுப்பு மூட்டி, பெரிய இரும்புக் குண்டானில் மொச்சை சமைத்தார்கள். நரி புதருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது மொச்சை வெந்து, குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் அதன் மூக்கில் புளி ஏறியது. அடுத்து வெல்லம் வந்தது. அதற்கடுத்து மிளகாய். கடைசியில் ஒருவர் புகையில் வாட்டிய பன்றி உப்புக்கண்டத்தைப் பட்டை பட்டையாக நறுக்கி மேலே பரப்பினார். கொழுப்பு உருகிக் குழம்பில் இறங்கியது. அந்த வாசனையில் நரிக்குத் தலையே சுற்றிவிட்டது.

மறுநாள் காலையில் ஒற்றை யானை ஒன்று புல்வெளிக்கு வந்தது. கூட்டம் போட்டது போட்டபடி வேனில் ஏறி ஓடிவிட்டது. யானையும் போனபின் நரி வந்து மிச்சமிருந்த உப்புக்கண்டத்தை ஒரே மூச்சில் தின்றது. விரலைச் சூப்ப விரல் இல்லாததால் குண்டானை நக்கியது. பக்கத்து மூட்டையில் மொச்சை, புளி, வெல்லம், மிளகாய்ப்பொடி எல்லாம் அப்படியே இருந்தன. அடுப்பில் கங்கும் இருந்தது.

நரி ஓடிப்போய்ச் சிறுத்தையிடம் விஷயத்தைச் சொன்னது. சிறுத்தைக்கு நாக்கில் நீர் ஊறியது. ஆனால் நெருப்பருகே நின்று யார் சமைப்பது என்று கேட்டது. காட்டில் எல்லோருக்கும் நெருப்பென்றால் நடுக்கம்.

“கோரையன் இருக்கானே ஐயா” என்றது நரி.

கோரையன் ஒரு காட்டுப்பன்றி. கோரைக்கிழங்கு தோண்டுவதில் கெட்டிக்காரன் என்பதால் அந்தப் பெயர். குட்டியாக இருந்தபோது தாயோடு மலைச்சாலையோரச் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் கழுநீர் குடித்து வளர்ந்தது. அதனால் நெருப்பும் புகையும் அதற்குப் பழக்கம். இப்போது ஆற்றின் இக்கரை நாணலில் அதன் மனைவி செம்பி குட்டி போட்டிருந்தது. குட்டிகள் இன்னும் சரியாக நடக்கவில்லை.

நரியின் திட்டம் இதுதான்: மொச்சை வேகும்வரை கோரையன் சமைக்க வேண்டும். வெந்ததும் குரல் கொடுத்துவிட்டுக் குண்டானை இறக்கக் குனியும். அப்போது சிறுத்தை பின்னாலிருந்து பாய வேண்டும். உப்புக்கண்டத்துக்கு உப்புக்கண்டமும் ஆயிற்று. முன்னாலிருந்து பாயச் சிறுத்தைக்குத் தைரியம் இல்லை. போன மழைக்காலத்தில் கோரையனின் கொம்புப்பல் அதன் தொடையைக் கிழித்த தழும்பு இன்னும் இருந்தது. குட்டிகளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். பன்றியைச் சமைக்கப் பன்றியையே கூப்பிடுவதை நினைத்து நரி தனக்குத்தானே சிரித்துக்கொண்டது.

நரி நாணல் பக்கம் வந்து கோரையனை வாயாரப் புகழ்ந்தது. காட்டிலேயே சமையல் தெரிந்த ஒரே ஆள் என்றது. புலிக்கு வைக்கும் விருந்துக்குச் சமைத்துக் கொடுத்தால் குட்டிகளைச் சிறுத்தை திரும்பிக்கூடப் பார்க்காது என்று சத்தியம் செய்தது. கோரையன் ஒன்றும் ஏமாளி இல்லை. ஆனால் பச்சைக் குட்டிகளை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைத்தால் நம்பத்தான் தோன்றும். அது நரியோடு புறப்பட்டது.

புல்வெளிக்கு வந்ததும் கோரையன் வழக்கம்போலக் குண்டானுக்குள் மூக்கை விட்டது. புளி இருந்தது. வெல்லம் இருந்தது. மிளகாய் மூக்கைச் சுட்டது. இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. அது தன் இனத்தின் வாசனை. எந்த ஊர்ப் பன்றியோ, யார் பெற்ற பிள்ளையோ தெரியாது. கோரையன் மூக்கை வெளியே எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. எடுத்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு சாதாரணமாகக் கேட்டது. “மூட்டையில இருக்கிறது போக வேற ஏதாச்சும் போடணுமா?”

“கடைசியா ஒண்ணு இருக்குண்ணே. அதை நான் பார்த்துக்கிறேன். மொச்சை வெந்ததும் ஒரு குரல் குடுங்க, போதும்” என்றது நரி.

அந்தக் கடைசிப் பொருள் யார் என்று கோரையனுக்குப் புரிந்துவிட்டது. குளிக்காமல் அடுப்பில் கைவைக்கும் வழக்கம் தன் குலத்தில் இல்லை என்று சொல்லி ஆற்றங்கரைச் சேற்றுக்குக் கிளம்பியது. பன்றியின் குளியலைப் பற்றி நரி கேலி பேசியது. ஆனாலும் போக விட்டது.

சேற்றுக்குப் பக்கத்தில்தான் நாணல். கோரையன் நடந்ததைச் சொல்லவும் செம்பி பதறிப்போனது. எல்லோரும் இப்போதே ஓடிவிடலாம் என்றது.

“நான் திரும்பிப் போகலேன்னா உடனே தேடி வருவாங்க. குட்டிங்க ஓடுற ஓட்டத்துக்கு ஆத்துலயே பிடிச்சிடுவாங்க” என்றது கோரையன். “நீ ஒவ்வொண்ணா வாயில கவ்விக்கிட்டு அக்கரைக்குக் கொண்டுபோ. அவசரப்படாதே. அதுவரைக்கும் எல்லாரையும் அந்தக் குண்டானைச் சுத்தி உட்கார வச்சிடுறேன்.”

“எப்படி உட்கார வைப்பே? மொச்சை வெந்துடுமே!”

“வேகாது. எல்லாரும் அக்கரை சேர்ந்ததும் அங்க மணல்ல இருக்கிற ஆள்காட்டிக் குருவி பக்கத்துல போய் நில்லு. யார் கிட்டப் போனாலும் அது கத்தும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும்.”

மொச்சை வேகாது என்று கோரையன் அடித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தச் சாப்பாட்டுக் கடைக்கு ஒருமுறை புது மாஸ்டர் ஒருவர் வந்தார். பயறும் புளியும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைத்தார். மதியம் வரை எரித்தும் பயறு வேகவில்லை. புளியை முன்னால் போட்டால் பயறு எப்படி வேகும் என்று முதலாளி கத்திவிட்டு, குண்டானோடு பின்பக்கம் கொண்டுவந்து கொட்டினார். கொட்டியதைத் தின்ற கோரையனுக்கு நெடுநாள் தாடை வலித்தது. அந்த வலி மறந்தாலும் பாடம் மறக்கவில்லை.

சேறு சொட்டச் சொட்டத் திரும்பி வந்த கோரையன், சிறுத்தையின் முன்னால் போய்ப் பணிவாக நின்றது.

“ஐயா, சாப்பிட வர்றது புலி. பக்குவம் தப்பினா என் தலைக்குத்தான் வரும். எதை முதல்ல போடணும், எதை அப்புறம் போடணும்னு நரியாரே உங்க முன்னால சொல்லிடட்டும்.”

நரிக்கு எதை முதலில் போட்டார்கள் என்பது தெரியவே தெரியாது. அது பார்த்தது பாதிக்குப் பிறகுதான். தெரியாது என்று சொல்வது அதற்கு வழக்கமும் இல்லை. தன் மூக்கில் ஏறிய வரிசையை நினைவுபடுத்திக்கொண்டது. “முதல்ல புளி. அப்புறம் வெல்லம். அப்புறம் மிளகாய்ப்பொடி. மொச்சை அதுக்கப்புறம்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னது.

“இதே வரிசைதானா?”

“இதே வரிசைதான். ஒண்ணு மாறினாலும் நான் பொறுப்பில்லை.”

மாறாவிட்டால் பொறுப்பு யாருடையது என்பதைச் சிறுத்தையும் காதில் வாங்கிக்கொண்டது. காய்ந்த மொச்சையை ஊறப்போட வேண்டும் என்பதைப் பற்றி நரி வாயே திறக்கவில்லை. கோரையனும் நினைவூட்டவில்லை.

அடுப்பு எரிந்தது. புளித்தண்ணீரில் வெல்லம் கரைந்தது. மொச்சை விழுந்தது. கோரையன் கரண்டியைப் பல்லில் கவ்விக்கொண்டு கிளறியது. வாசனை காடு முழுக்கப் பரவியது. சிறுத்தை பின்னால் புல்லில் பதுங்கிப் படுத்துக்கொண்டது. நரி விறகு இழுத்து இழுத்துப் போட்டது. இடையிடையே வந்து வெந்துவிட்டதா என்று கேட்டது. இன்னும் இல்லை என்று கோரையன் சொன்னது. அதில் ஒரு பொய்யும் இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் புலி வந்தது. மதியம்கூடச் சாப்பிடாமல் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வந்திருந்தது. விருந்தாளியை வரவேற்கச் சிறுத்தை பதுங்கிய இடத்திலிருந்து எழுந்து வர வேண்டியதாயிற்று. வந்தவரை உட்கார வைத்து நரி மொச்சையின் பெருமையைப் பேசியது. புலி கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடியும் பேசியது. புலி கொட்டாவி விட்டது.

கோரையனின் காது ஆற்றுப்பக்கமே இருந்தது. அங்கே ஒரு சத்தமும் இல்லை. எத்தனை குட்டிகள் போய்ச் சேர்ந்தனவோ, தண்ணீர் இழுப்பு எப்படியோ, ஒன்றும் தெரியவில்லை. கிளறுவதை மட்டும் நிறுத்தவில்லை.

கடைசியில் புலிக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து வந்து, குண்டானிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போடச் சொன்னது. கோரையன் கரண்டியால் அள்ளி ஆறவைத்து இலையில் போட்டது. புலி கடித்தது. நறுக் என்று ஒரு சத்தம் கேட்டது. புலி முகத்தைச் சுளித்துத் துப்பியது. மொச்சையோடு ஒரு துண்டுப் பல்லும் வந்து விழுந்தது.

அதே நேரத்தில் அக்கரையில் ஆள்காட்டிக் குருவி கத்தத் தொடங்கியது. விடாமல் கத்தியது. கோரையன் கரண்டியைக் கீழே வைத்தது. அதன் கண்ணில் நீர் வந்தது. புகை என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

“இது யார் சொன்ன பக்குவம்?” என்று கேட்டது புலி.

“நரியார் சொன்னதுங்க. வரிசை ஒண்ணும் மாறல. சிறுத்தையாரே சாட்சி” என்றது கோரையன்.

புலி சிறுத்தையைப் பார்த்தது. சிறுத்தை நரியைப் பார்த்தது. நரிக்குப் பார்க்க ஆள் இல்லை.

மேற்குச் சரிவு பறிபோனது சிறுத்தைக்குத் தெரிந்துவிட்டது. மீதி இருக்கும் மரியாதையையாவது காப்பாற்றிக்கொள்ள நினைத்தது. “விருந்தாளி வெறும் வயித்தோட போறார். நீயே கூடப் போய் எல்லை வரைக்கும் வழியனுப்பிட்டு வா” என்று நரிக்கு உத்தரவு போட்டது. நரி எவ்வளவோ சாக்குச் சொன்னது. கால் வலி என்றது, வயிறு சரியில்லை என்றது. புலி அதன் பக்கத்தில் வந்து நின்றது. இருவரும் சேர்ந்து நடந்தார்கள்.

அவர்கள் மறைந்ததும் சிறுத்தை கோரையன் பக்கம் திரும்பியது. கோரையனும் அப்போது சிறுத்தையை நேருக்கு நேர் பார்த்துத்தான் நின்றது. இருவருக்கும் நடுவில் குண்டான் கொதித்தது. சிறுத்தை ஓரடி வைத்தது. கோரையன் குண்டானை மூக்கால் ஒரு தள்ளுத் தள்ளியது. புளியும் வெல்லமும் மிளகாயும் கொதிக்கக் கொதிக்கச் சிறுத்தையின் காலில் கொட்டின. அதன் அலறல் அடங்குவதற்குள் கோரையன் ஆற்றில் இறங்கிவிட்டது.

அக்கரையில் செம்பி நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றது. குட்டிகள் எல்லாம் அதன் காலடியில் இருந்தன. கோரையன் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. ஒன்றும் குறையவில்லை. ஒரு குட்டி அப்பனின் மூக்கில் ஒட்டியிருந்த வெல்லத்தை நக்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்றது. கோரையன் மூக்கை ஆற்றில் நன்றாகக் கழுவிக்கொண்டது. அந்தக் குண்டானில் வேறென்ன வாசனை இருந்தது என்று குட்டிகளிடம் அது என்றைக்கும் சொல்லவில்லை.

சிறுத்தை வெகு நாள் நொண்டியது. வழியனுப்பப் போன நரி திரும்பி வரவில்லை.

அடுத்தவர் உயிரைப் போட்டு விருந்து வைக்க நினைப்பவர், தெரியாததையும் தெரிந்ததாகச் சொல்லித் தாமே அந்த விருந்துக்கு இரையாவார்.