தாலியும் இருபத்தெட்டுப் பை காற்றும்

சடையாண்டி, வெள்ளைச்சாமி, தவமணி மூன்று பேரும் நல்லவர்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள்.

தேனிப் பக்கத்து அண்ணன் தம்பிகள். ஒரே தங்கை பவுனுத்தாயை ஆப்பிரிக்காவில், நமீபியா தேசத்தில், கடலோர ஊரொன்றில் வேலை பார்க்கும் ராசாங்கத்துக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் மகள் தாரணிக்கு அங்கேயே கல்யாணம். தாலியைத் தாய்மாமன்மார் தங்கள் கையால் கொண்டுவந்து கொடுப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அவர்கள் வராமல் கெட்டிமேளம் கிடையாது. முகூர்த்தம் சாயங்காலம் நாலரை மணி.

விமானம் இறங்கிய ஊருக்கும் கல்யாண ஊருக்கும் நடுவில் முழுக்கப் பாலைவனம். வாடகைக் கார் எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். தவமணி இருபது வருஷம் லாரி ஓட்டியவன். அந்தத் தைரியத்தில் விடிந்ததும் கிளம்பினார்கள். ராசாங்கம் போனில் மூன்றே மூன்று புத்தி சொன்னார்.

“மச்சான், பெட்ரோல் பங்கைப் பார்த்தா விடாதீங்க, டேங்கை நிரப்பிருங்க. மணல் வந்தா டயர்க் காத்தைக் குறைச்சுக்கங்க, தார் ரோடு வந்ததும் பழையபடி ஏத்திருங்க. வாடகை வண்டி, எப்படி வாங்குனீங்களோ அப்படியே திருப்பிக் கொடுக்கணும்.”

மூவரும் தலையாட்டினார்கள். தலையாட்டினால் போனில் தெரியாதே என்று வெள்ளைச்சாமி போனையும் சேர்த்து ஆட்டினார்.

ஊர் எல்லையில் ஒரு பங்க். நிரப்பினார்கள். நூறடி போனதும் வெள்ளைச்சாமி திரும்பிப் பார்த்தார்.

“ஏப்பா நிறுத்து, பங்க் தெரியுது!”

திரும்பி வந்து நிரப்பினார்கள். ஒரு டம்ளர் பிடித்தது. மறுபடி கிளம்பினால் தவமணிக்குக் கண்ணாடியில் தெரிந்தது. இந்தத் தடவை ஒரு சங்கு அளவு பிடித்தது. ஐந்தாவது தடவை பங்க்காரர் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார்.

“இப்படியே போனா தாரணி அறுபதாங்கல்யாணத்துக்குத்தாண்ணே போவோம்” என்றான் தவமணி.

மூத்தவர் சடையாண்டி யோசித்தார். “பார்த்தாத்தானே விடக்கூடாது? பார்க்காமப் போயிருவோம்.”

துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். வண்டி ஓட்டுகிறவனாயிற்றே என்று தவமணிக்கு மட்டும் ஒரு கண் திறந்துவிடப்பட்டது. அதுவும் பங்க் இல்லாத பக்கத்துக் கண்.

பங்க்கைத் தாண்டித் துண்டை அவிழ்த்தால் பாலைவனம். கடவுள் அங்கே எல்லாவற்றையும் தாராளமாகப் படைத்திருந்தார், ஆளைத் தவிர. சிவப்பு மணல் மலை மலையாகக் கிடந்தது. ரோடு மணலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

“காத்தைக் குறைடா” என்றார் சடையாண்டி, மடியிலிருந்த தாலிப் பெட்டியை இறுக்கிப் பிடித்தபடி.

தவமணி டயர் வாயில் குச்சியை வைத்து அழுத்தினான். புஸ்ஸென்றது. வெள்ளைச்சாமி பாய்ந்து வந்து அதை உள்ளங்கையால் அடைத்தார்.

“பாவி! இது யாரு காத்து?”

“டயர்க் காத்துண்ணே.”

“டயர் யாருது? வண்டிக்காரருது. எப்படி வாங்குனோமோ அப்படியே கொடுக்கணும்னு மச்சான் சொன்னாரா இல்லையா? அந்த மனுசன் காத்தைப் பாலைவனத்துல விட்டுட்டு நாளைக்கு எந்த மூஞ்சியோட போய் நிப்ப?”

தவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் வம்சத்தில் அடுத்தவர் பொருளைத் தொட்டவர் இல்லை.

சீர்ப் பலகாரம் கொண்டுவந்த பாலிதீன் பைகள் நினைவுக்கு வந்தன. அதிரசத்தையும் முறுக்கையும் வேட்டியில் கொட்டினார்கள். டயர் வாயில் பையைப் பிடித்துக் காற்றை வாங்கி, முடிச்சுப் போட்டு, எந்தச் சக்கரத்துக் காற்று என்று பேனாவால் எழுதினார்கள். நாலு சக்கரத்துக்கும் இருபத்தெட்டுப் பை. கொளுத்துகிற வெயிலில் இரண்டு மணி நேரம் போயிற்று.

பைகளை வண்டிக்குள் அடுக்கினால் ஆளுக்கு இடமில்லை. நெருக்கி ஏறினார்கள். சடையாண்டி உட்கார்ந்ததும் டமாரென்று ஒரு சத்தம்.

“அண்ணே, பின்சக்கரத்துப் பை ஒண்ணு போச்சு!”

சடையாண்டி கிழிந்த பையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, “நான் ஊதிக் கொடுத்துர்றேன். கணக்கா ஒரு பை” என்றார்.

“நீ வெத்தலை போட்டிருக்க. டயருக்கு ஆகுமா?” என்றார் வெள்ளைச்சாமி.

“அப்ப நீ ஊது.”

“எனக்குச் சளி. டயருக்கும் ஒட்டிக்கும்.”

கடைசியில் தவமணி வாய் கொப்பளித்துவிட்டு, சாமி கும்பிட்டு, வேறொரு பையை ஊதிக் கொடுத்தான்.

தார் ரோட்டுக்கு வந்தபோது மணி மூணரை. அங்கிருந்து கல்யாண மண்டபம் அரைமணி தூரம். ரோட்டோரம் டயர்க் கடை ஒன்று இருந்தது. மூவரும் பையின் வாயை டயர் வாயில் வைத்து அமுக்கினார்கள். காற்று உள்ளே போவேனா என்றது. கடைக்காரர், வயசான ஆப்பிரிக்க மனிதர், பம்புக் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார்.

“வேணாம் ஐயா, எங்க காத்து இருக்கு” என்று தமிழிலேயே தடுத்தார் வெள்ளைச்சாமி.

போன் அடித்தது. பவுனுத்தாய் அழுதாள். “அண்ணே, புள்ளை மணவறைக்கு வந்தாச்சு! எங்கண்ணே இருக்கீங்க?”

“காத்து உள்ளே போகமாட்டேங்குதும்மா.”

“ஐயோ, மூச்சு விட முடியலையா அண்ணே!” என்று அவள் அங்கே ஒரு கூப்பாடு போட்டாள்.

இதற்குள் கடைக்காரர் நாலு டயருக்கும் காற்றடித்து முடித்துவிட்டார். மூவரும் திகைத்தார்கள். ஓசிக் காற்றில் போய்த் தாலி கொடுப்பதா? சடையாண்டிதான் தீர்ப்புச் சொன்னார்.

“அவர் காத்தை நாம எடுத்துக்கிட்டோம். நம்ம காத்தை அவர் எடுத்துக்கட்டும்.”

இருபத்தெட்டுப் பையையும் அவர் காலடியில் வரிசையாக அடுக்கினார்கள். ஒரு பையை மட்டும் தனியாகக் காட்டி, “இது எங்க தம்பி காத்து, பார்த்துப் பயன்படுத்துங்க” என்றார் வெள்ளைச்சாமி. அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றி மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

நாலேகாலுக்கு மண்டபத்தில் நுழைந்தார்கள். பவுனுத்தாய்க்கு உயிர் வந்தது. ஐயர் தாலியைத் தட்டில் வைத்து சடையாண்டியிடம் கொடுத்தார்.

“எல்லாரும் தொட்டு ஆசீர்வாதம் பண்ணணும். ஒருத்தரையும் விடாம வாங்கிட்டு வாங்க. சீக்கிரம்!”

மண்டபத்தில் இருந்த எண்பது பேரும் தொட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் கையைக்கூட எடுத்து வைத்தார்கள். வாசலருகே வந்ததும் சடையாண்டி நின்றார்.

“எல்லாரும் ஆச்சா?”

“நம்ம பெரியத்தை தொடலையே” என்றார் வெள்ளைச்சாமி.

“அது தேனியிலதானே இருக்கு?”

“ஐயரு உள்ளூரு வெளியூருன்னா பிரிச்சுச் சொன்னாரு? ஒருத்தரையும் விடாமன்னாரு. சீக்கிரம்னும் சொன்னாரு.”

தட்டோடு ஓடினார்கள். வண்டி கிளம்பிற்று. ராசாங்கம் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடிவந்தார்.

“மச்சான்! எங்க போறீங்க?”

“தேனிக்கு! மேளக்காரரை இருக்கச் சொல்லுங்க, வந்துருவோம்!”

அப்போது கழுத்து மாலையோடு தாரணி மண்டபத்திலிருந்து பாய்ந்து வந்தாள். “மாமா, நில்லுங்க!”

வண்டி நின்றது. ராசாங்கம் நெஞ்சில் கைவைத்து, “என் பொண்ணுக்காவது புத்தியைக் கொடுத்தியே சாமி” என்றார்.

தாரணி பின்கதவைத் திறந்தாள். பட்டுச்சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினாள்.

“போலாம் மாமா. விமானத்துல சன்னல் சீட்டு எனக்கு.”