தீவுக்கு வந்த கறுப்புப் பிசுக்கு

அத்தை மேல கால் போடாத தாயி. கண்ண மூடிக்கிட்டு "ம்" கொட்டணும், சரியா?

ஒரு கடக்கரையில ஒரு பாசிக்காரி இருந்தா. பேரு நம்புத்தாய். கடலுக்குள்ள முங்கி, பாறையில இருக்குற பாசியப் பிச்சு விப்பா. அவளுக்குன்னு இருந்தது எஞ்சின் வச்ச ஒரே ஒரு வள்ளம். கரைக்கு எதுக்க ஒரு தீவு, சுத்தியும் பவளப்பாறை. அங்க யாரும் போகக் கூடாதுன்னு மிதவை போட்டு எல்லை கட்டி, காவலுக்கு ஒரு பாரஸ்ட்காரரை வச்சிருந்தாங்க. கடலுக்கு எதுக்குப் பாரஸ்ட்காரர்னு கேக்காத, சட்டம் அப்படி. ம் சொல்லு.

"ம்."

அப்புறம் ஒரு நாள் தீவெல்லாம் கறுப்பா, பிசுபிசுன்னு எண்ணெய்ப் பிசுக்கு. பவளப்பாறை மேலயும் அப்பிக்கிச்சு. மீனு செத்து மிதக்குது. பாரஸ்ட்காரர் முன்னால மலைக்காட்டுல வேலை பார்த்தவரு. காட்டுல குப்பை போட்டா போட்ட இடத்துலயே கிடக்கும். அதனால பக்கத்துல யாரு இருக்கான்னு பாத்தாரு. நம்புத்தாய் இருந்தா. "உன் எஞ்சின் எண்ணெய்தான் இது"ன்னு வள்ளத்தப் பிடுங்கிட்டாரு.

அவளுக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. வள்ளம் இல்லேன்னா வீட்டுல அடுப்பு எரியாதே! "ஐயா, இது கப்பல் போற பாதையிலேர்ந்து வந்தது. நீவாடு கொண்டாந்துருச்சு"ன்னா.

"நீவாடா? யாரு அவன்? கூட்டிட்டு வா!"

"ஆள் இல்லைங்கய்யா. கடலுக்குள்ள ஓடுற தண்ணி."

அவரு நம்பல. எந்தத் தண்ணி தீவுக்குப் போகுதுன்னு காட்ட, அவ மூணு நெத்துத் தேங்காய்ல துணி கட்டி, அவரோட ரோந்து போட்டுலயே அவரையும் ஏத்திக்கிட்டா. கரையோரம் செவப்புத்துணிக் காய். டொபுக்! அது அலையோட கரைக்கே திரும்பிருச்சு. அவ பாசி எடுக்குற இடத்துல மஞ்சத்துணிக் காய். டொபுக்! அது தீவ விட்டு விலகி எங்கேயோ போயிருச்சு. ம்?

"ம்..."

அப்புறம் தூரமா, கப்பல் பாதைக்குப் போனாங்க. பூஊஊம்னு ஒரு கப்பல் போச்சு. அது பின்னாலயே கறுப்பா ஒரு கோடு. பாரஸ்ட்காரருக்கு உவ்வே, உவ்வேன்னு ஒரே வாந்தி. அந்தக் கறுப்புலயே நீலத்துணிக் காயப் போட்டா. டொபுக்!

மூணாம் நாள் தீவு மணல்ல கிடந்துச்சு நீலத்துணிக் காய். மேலெல்லாம் பிசுக்கு.

பாரஸ்ட்காரர் அந்தக் காயக் கையில எடுத்துப் பாத்தாரு. "தப்பு என்மேலதாம்மா"ன்னு வள்ளத்தக் குடுத்துட்டாரு. அப்புறம் கப்பல் மேல புகார் எழுத உக்காந்தாரு. "கப்பல் பேரு பாத்தியாம்மா?"

"எங்கய்யா பாக்க? நீங்க வாந்தி எடுத்துக்கிட்டிருந்தீங்க. கடல்ல விழுந்துராம உங்க சட்டையப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

சிரிக்காத தாயி. பேரு இல்லாம புகார் எப்படிப் போகும்?

"அப்புறம் என்ன செஞ்சாங்க அத்தை?"

அப்புறம், யாரும் போகக் கூடாத அந்தத் தீவுக்கு அவரே அவளக் கூட்டிட்டுப் போனாரு. ஆளுக்கொரு வாளி. சரக் சரக்குன்னு பிசுக்கச் சுரண்டுனாங்க. மறு வாரம் அடுத்த கப்பலோடது வந்துச்சு. மறுபடியும் சுரண்டுனாங்க.

கதை கரை ஏறிருச்சு. நீ கண்ண மூடு.