கதவு நிலையில் ஒரு பொட்டு

கிறிஸ்தவ ஆசிரமத்துக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னரசி ஜெபக்கூட வாசலில் ஒரு கணம் நிற்பாள். நெற்றியில் இருக்கும் ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் நெம்பி எடுத்துக் கதவு நிலையில் ஒட்டுவாள். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். ஆராதனை முடிந்து திரும்பும்போது பொட்டு மறுபடி நெற்றிக்கு ஏறும். வெளியே அவள் தாசில்தார் பொன்னரசி. உள்ளே ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர், லீதியாள். பதினோரு வருஷமாக அந்த மரநிலைதான் இரண்டு பெயர்களுக்கும் எல்லை.

அன்று சனிக்கிழமை. ஆசிரமம் இருக்கும் மலையடிவாரத்துக்கு முன்பே ஆட்டோவை நிறுத்தி இறங்கி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தாள். நிலையருகே நிற்கவில்லை. நேரே ஜெபக்கூடத்துக்குள் நுழைந்தாள்.

நவமணி அக்கா தரையில் உட்கார்ந்து, கிழிந்த பாட்டுப் புத்தகங்களுக்கு மைதாப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆசிரமத்தில் மூத்தவள் என்ற பொறுப்பு அவளுடையது, வயதோ நாற்பத்திரண்டுதான். ஐம்பத்தொரு வயது பொன்னரசிக்கும் அவள் அக்காதான். "என்னை அக்கான்னு கூப்பிட்டே வயசைக் குறைச்சுக்கறீங்க" என்று எப்போதும் கேலி செய்வாள்.

"வாங்க, லீதியாள். ஒரு நாள் முந்திட்டீங்களே?"

"கதவைச் சாத்திடட்டுமா, அக்கா?"

"புழுங்குமே."

"பரவாயில்லை."

அவளே சாத்தினாள். தாழ் போட்டாள். ஜன்னலையும் இழுத்து மூடினாள். கூடம் மங்கலாகி, பசையின் புளித்த வாசனை கூடிற்று.

"யாராவது துரத்துறாங்களா?"

"துரத்தலை. விசாரிக்கிறாங்க."

நவமணி அக்கா தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தாள்.

பொன்னரசி சொன்னாள். ஆர்.டி.ஓ., அதாவது கோட்டாட்சியர் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அவள் சமூகத்துக்கென ஒதுக்கிய இடம் அது, மதம் மாறிக் கிறிஸ்தவரானால் கிடையாது. மதம் மாறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டாள். இப்போது யாரோ மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆசிரமத்தின் பெயர், அவள் உட்காரும் மூலை, லீதியாள் என்ற பெயர், எல்லாம் அதில் இருக்கிறது. நாளை ஆராதனை நேரத்துக்கு ஓர் அதிகாரி இங்கே வரப்போகிறார்.

"அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியாதா?"

"முடியும். நானே போய், தப்பா எழுதிட்டேன், இடம் வேண்டாம்னு சொல்லணும். அதோட தாசில்தாராவே ரிட்டயர் ஆகவேண்டியதுதான். அவங்களா கண்டுபிடிச்சா, இருக்கிற வேலையும் போயிடும்."

"அப்போ வழி இருக்கு."

"அக்கா, எங்கப்பா அந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னவர். உள்ளே விடலை. எங்க தெருவிலேர்ந்து ஒருத்தர்கூட அந்த நாற்காலியில உட்கார்ந்ததில்லை. நான் ஞானஸ்நானத்துல முங்கி எழுந்ததால எங்க தெரு மாறிடுச்சா? சாவு ஊர்வலம்னா ஊர்த் தெருவில விடாம வயல் வழியாத்தானே எங்களை இன்னும் போகச் சொல்றான்? இது நியாயமா?"

"நியாயமில்லை."

அக்கா அதை அத்தனை சட்டென்று சொல்வாள் என்று பொன்னரசி எதிர்பார்க்கவில்லை. வாதாடத் தயாராக வந்தவளுக்குப் பயம் மட்டும் மிச்சம் நின்றது.

"தெரியாதுன்னு சொல்லிடுங்க அக்கா. அப்படி யாரும் இங்கே வர்றதில்லைன்னு. உங்க வார்த்தையை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

நவமணி அக்கா விரல்களில் காய்ந்திருந்த பசையை உரித்தாள். ஒவ்வொரு விரலாக, நிதானமாக.

"எனக்குப் பொய் சரளமா வராதே. பழகணும். நீங்கதான் அதிகாரி. கேளுங்க, பார்ப்போம்."

"விளையாடாதீங்க அக்கா."

"நாளைக்கு உளறினா உங்க வேலை போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

பொன்னரசி எதிரில் உட்கார்ந்தாள். விசாரணை அவளுக்குப் புதிதல்ல. எத்தனையோ பேரை நிற்கவைத்துக் கேட்டவள். குரல் தானாகவே தடித்தது.

"பொன்னரசின்னு ஒருத்தங்க இங்கே வர்றாங்களா?"

"பொன்னரசியா... அப்படி... இல்லீங்களே." அக்காவின் காது சிவந்துவிட்டது.

"இழுக்காதீங்க. இழுத்தா மாட்டிக்குவீங்க. கண்ணைப் பார்த்துச் சொல்லணும். லீதியாள்னு ஒருத்தங்களைத் தெரியுமா?"

"தெரியாது."

"ஞானஸ்நானம் எடுத்ததா எழுதியிருக்கே?"

"எழுதினவங்களைத்தான் கேட்கணும்."

"இது பரவாயில்லை அக்கா. போட்டோவைக் காட்டுவாங்க. அப்போ முகம் மாறக்கூடாது." பொன்னரசி கைப்பையிலிருந்து தன் அலுவலக அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். "இவங்களைப் பார்த்திருக்கீங்களா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

நவமணி அக்கா அட்டையைப் பார்க்கவில்லை. அதை நீட்டியவளின் முகத்தைப் பார்த்தாள். பஸ்ஸில் எதிர் இருக்கையில் இருப்பவரைப் பார்ப்பதுபோல, கோபமில்லாமல், பிரியமில்லாமல், வெறுமனே.

"இந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை."

காது சிவக்கவில்லை. குரல் நடுங்கவில்லை.

பொன்னரசி நீட்டிய அட்டையை இழுத்துக்கொண்டாள். பதினோரு வருஷத்துக்கு முன், தை மாதக் காலையில், ஆசிரமத்துக் குளத்தில் போதகர் ஐயர் அவளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுத்தபோது மூச்சு முட்டி, கண் தெரியாமல், கரை எந்தப் பக்கம் என்று தடுமாறி நின்றாள். துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு குரல் கூப்பிட்டது: லீதியாள், இந்தப் பக்கம். அந்தப் பெயரைச் சொல்லி உலகத்தில் அவளை முதலில் கூப்பிட்ட குரல். அதே குரல்தான் இது.

"இப்போ சரியா வந்துச்சா?"

"ம்."

"இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம்." அட்டையைப் பைக்குள் திணித்தாள். "போதும் அக்கா. வேண்டாம்."

நவமணி அக்கா ஒட்டி முடித்த புத்தகங்களின் அடுக்கிலிருந்து ஒன்றை உருவி எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். யாருடைய புத்தகம் என்று தெரிய, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டுவது அங்கே வழக்கம். 'லீதியாள்' என்று நீல மையில் எழுதியிருந்தது. அன்று காலையில் ஒட்டியது. இன்னும் ஈரம் காயவில்லை. நகத்தைக் கொடுத்ததும் சீட்டு முழுசாக வந்துவிட்டது.

"புத்தக அட்டையைப் புரட்டிப் பார்த்தா மாட்டிக்குவோம். நல்லவேளை, ஞாபகம் வந்துது."

சீட்டு இருந்த இடத்தில் ஓர் ஈரச் சதுரம் தெரிந்தது. பொன்னரசியால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"லீதியாள்."

"என்னக்கா?"

"நெத்தியில பொட்டோட உள்ளே வந்திருக்கீங்க. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான்."

கை நெற்றிக்குப் போயிற்று. பழக்கத்தில் நகம் பொட்டை நெம்பிவிட்டது. விரல் நுனியில் ஏந்திக்கொண்டு பொன்னரசி கதவுப் பக்கம் பார்த்தாள். பொட்டு ஒட்டும் நிலை மூடிய கதவுக்கு வெளியே இருந்தது. கதவைத் தாழிட்டவள் அவள்தான்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வேப்பமரத்தடியில் வந்து நின்றது. இறங்கிய காலடி சரளைக் கல்லில் நிதானமாக நெருங்கியது. ஷூ போட்ட கால்.

"நாளைக்குன்னுதானே சொன்னாங்க..." பொன்னரசியின் உதடுகள் மட்டும் அசைந்தன.

கதவு தட்டப்பட்டது.

"உள்ளே யாரும்மா? தாலுகா ஆபீஸ் விஷயமா ஒரு விசாரணை."

பொன்னரசி அக்காவின் முழங்கையைப் பிடித்தாள்.

"என்ன சொல்லப்போறீங்க, அக்கா?"

"நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தான். இப்போ நல்லா வருதே."

மறுபடி தட்டும் சத்தம். இந்தத் தடவை பலமாக.

நவமணி அக்கா எழுந்தாள். பெயர்ச்சீட்டு அவள் ஆள்காட்டி விரலில் ஒட்டியிருந்தது. பொட்டு பொன்னரசியின் விரலில் இருந்தது. தாழ்ப்பாளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அக்கா சீட்டு ஒட்டிய மற்றக் கையை அவள் முன்னால் நீட்டினாள்.

"பசை காயுது, லீதியாள். கதவைத் திறக்கறதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. இதை நான் எங்கே ஒட்டட்டும்?"